போகும்போது ஏறாத முள்ளு, திரும்பி வரும்போது மட்டும் ஏறுது: வள்ளியூர்–நாகர்கோவில் ரோட்டில் இன்ஜின் சூடு

வள்ளியூர் வெள்ளைவண்டி | 23 ஜூன் 2024, காலை 9.10

2013 மாடல் பெட்ரோல் கார், நாலு சிலிண்டர், 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. நாகர்கோவில் போகும்போது சூட்டு முள்ளு நடுவுலயே நிக்கி. திரும்பும்போது ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் பக்கம் வந்ததும் ஏற ஆரம்பிச்சிருது. ஏசியை அமத்தினா கொஞ்சம் இறங்குது. காவல்கிணறு வந்து வடக்க திரும்பினா தானா சரியாயிருது. வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணி குறையுது, கீழ சொட்டுன தடம் இல்ல. மெக்கானிக் போன மாசம் தெர்மோஸ்டாட் வால்வை (சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணி விடுறது) கழட்டிட்டாரு, சரியாவல. இப்ப ஹெட் கேஸ்கட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற அடைப்புத் தகடு) போச்சு, ஹெட்டை இறக்கணும்னு சொல்லுதாரு. இறக்கலாமா அண்ணாச்சி?

பாளை ஸ்பேனர் | 23 ஜூன், காலை 10.25

இறக்காதீங்க தம்பி. ஹெட் கேஸ்கட் போன வண்டிக்கு கிழக்கு மேற்கு தெரியாது. ரெண்டு பக்கமும் ஏறணும்.

எங்க, எப்ப ஏறுதுங்கிறதுதான் பாதி வைத்தியம். சிக்னல்ல நிக்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினா ஃபேன், இல்லன்னா முன்னால காத்து போற வழி அடைப்பு. நிக்கும்போது சும்மா இருந்து, 90-ல அடிச்சுப் போகும்போதோ மேட்டுல ஏறும்போதோ ஏறினா தண்ணி ஓட்டம் பத்தல: ரேடியேட்டர் உள்ள அடைப்பு, வாட்டர் பம்ப், கீழ் ஹோஸ் உறிஞ்சி ஒட்டிக்கிறது. காலையில ஸ்டார்ட் பண்ணி அஞ்சு பத்து நிமிஷத்துலயே ஏறினா வால்வு மூடின நிலையில மாட்டியிருக்கு, இல்லன்னா தண்ணி வழியில காத்து மாட்டிக்கிட்ட ஏர் லாக். நேரங்காலம் இல்லாம ஏறி, தண்ணியும் குறைஞ்சா அப்பத்தான் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படணும்.

உங்க விஷயத்துல காத்துதான் சாட்சி. ஆனி, ஆடியில ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா மேல்காத்து அள்ளிக்கிட்டு வரும். போகும்போது அது எதிர்க்காத்து, ரேடியேட்டருக்குக் கூடுதல் வேகம். திரும்பும்போது முதுகுக் காத்து. நீங்க 60-ல வாறீங்க, காத்து 40-ல பின்னால இருந்து தள்ளுதுன்னா ரேடியேட்டர் முகத்துக்குக் கிடைக்கிறது வெறும் 20 கிலோமீட்டர் வேகக் காத்து. வண்ணார்பேட்டை நெரிசல்ல ஊருற வண்டிக்கு என்ன காத்து கிடைக்குமோ, அதுதான். அந்த நேரத்துல காத்து இழுத்துக் கொடுக்க வேண்டியது ஃபேன். அது கொடுக்கலங்கிறது என் கணிப்பு. ஏசியை அமத்தினா இறங்குதுங்கிறதும் அதுக்கே பொருந்துது. ரேடியேட்டருக்கு முன்னால இருக்கிற ஏசி கண்டென்சர் விடுற சூடு நேரா ரேடியேட்டர் மேலதான் போகும்.

தேரிக்காட்டான் | 23 ஜூன், காலை 11.02

முப்பந்தல்னு சொன்னதும் நானும் அதையே நினைச்சேன். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் ஓடுற வண்டியா தம்பி? தேரிக்காட்டுச் செம்மண்ணு கண்டென்சர்ல ஏறியிருக்கான்னு முதல்ல பாருங்க.

பாளை ஸ்பேனர் | 23 ஜூன், மதியம் 1.40

நாளைக்குக் காலையில இன்ஜின் பச்சைத்தண்ணியா இருக்கும்போது இதை எல்லாம் பாத்து எழுதுங்க. செலவு ஒண்ணும் இல்ல.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணி மட்டம் பாருங்க. ரிசர்வ் பாட்டில்ல மட்டம் சரியா இருந்து ரேடியேட்டர்ல குறைஞ்சிருந்தா மூடி திரும்ப உறிஞ்சல. அதோட மேல் ஹோஸ் சப்பிப் போய் ஒட்டியிருந்தா மூடியில இருக்கிற சின்ன வேக்கம் வால்வு அடைச்சிருக்கு.

மூடியைத் திறந்த நிலையிலயே ஸ்டார்ட் பண்ணுங்க. ஒரு நிமிஷம் வாயில குமிழி வருதான்னு பாருங்க. ஒண்ணு ரெண்டு வந்து நின்னா அது மாட்டிக்கிட்ட காத்து. விடாம வந்துக்கிட்டே இருந்தா, ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்கக் கூடினா, சிலிண்டர் கேஸ் தண்ணிக்குள்ள வருது. பிறகு அணைச்சு, மூடியைப் போட்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணி மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்க. ஹோஸ் இன்னும் சூடே ஏறாம இருக்கும்போது கல்லு மாதிரி இறுகினா அதுவும் கேஸ்கட் குறிதான். சூடான பிறகு இறுகுறது இயற்கை, அதை வச்சுப் பயப்பட வேண்டாம்.

ஆயில் ஸ்டிக், ஆயில் மூடி ரெண்டையும் பாருங்க. மூடிக்கு அடியில மட்டும் கொஞ்சம் வெள்ளைப் படலம் இருந்தா தினமும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துற வண்டியில வாறதுதான். ஸ்டிக்ல வெளுத்து நின்னாத்தான் விஷயம்.

அப்புறம் ஏசியைப் போட்டு ஃபேன் ஓடுதான்னு பாருங்க. அநேக வண்டியில ஏசி கம்ப்ரஸர் பிடிச்ச உடனே ஃபேன் மெதுவான வேகத்துலயாவது சுத்தியாகணும். அடுத்து சாவியை ஆன் பண்ணி, கூலண்ட் சென்சர் (ரேடியேட்டர் தண்ணியோட சூட்டை அளக்கிறது) கனெக்டரை உருவிப் பாருங்க. கம்ப்யூட்டர் உள்ள பெட்ரோல் வண்டிகள்ல பெரும்பாலும் சென்சர் இல்லன்னு தெரிஞ்சதும் பாதுகாப்புக்கு ஃபேனை வேகமா ஓட விடும். மீட்டர்ல இன்ஜின் லைட் எரியும், பிறகு அழிச்சுக்கலாம்.

கை, துணி, சட்டை நுனி எதையும் ஃபேன் பக்கம் கொண்டு போகாதீங்க. சாவி அணைச்ச பிறகும் சில வண்டியில ஃபேன் திடீர்னு எடுக்கும்.

தென்காசி டீசல் | 23 ஜூன், மாலை 6.15

ஸ்பேனர் அண்ணாச்சி சொன்னதோட ஒண்ணு. தண்ணி குறையுது, வெள்ளைப் புகை வருதுன்னா உடனே ஹெட் கேஸ்கட்னு எழுதிராதீங்க. டீசல் வண்டியில ஈஜிஆர் கூலர் (இன்ஜினுக்கே திருப்பி விடுற புகையை ஆற வைக்கிறது) உள்ளுக்குள்ள ஓட்டை விழுந்தாலும் தண்ணி இன்டேக் வழியாப் போய் வெள்ளைப் புகையா வரும். ஆயில் கூலர் போனா ஆயில்ல தண்ணி, இல்லன்னா கூலண்ட்ல ஆயில் மிதக்கும். ஹெட்டை இறக்கி லேத்துக்குக் கொடுத்து மாட்டின பிறகும் தண்ணி குறையுதுன்னு வாற டீசல் வண்டிகள்ல இந்த ரெண்டையும் யாரும் பாத்திருக்க மாட்டாங்க.

பொலிரோ, சுமோ மாதிரி விஸ்கஸ் ஃபேன் (உள்ள இருக்கிற கெட்டி ஆயிலோட பிடியில சுத்துறது) உள்ள வண்டிக்கு கணக்கு வேற. நல்லா சூடாகி அணைச்ச பிறகு கையால சுத்தினா ஃபேன் கனமாத் திரும்பணும். தட்டிவிட்டதும் லேசா பல சுத்து சுத்தினா உள்ள சிலிக்கான் ஆயில் ஒழுகிப் போச்சு. நடுவுல எண்ணெய்ப் பிசுக்கோட தூசி ஒட்டியிருக்கும், அதுவே அடையாளம்.

வள்ளியூர் வெள்ளைவண்டி | 24 ஜூன், காலை 8.30

பாத்துட்டேன். ரேடியேட்டர்ல ஒரு விரக்கடை குறைவு. பாட்டில் பாதிக்கு மேல இருக்கு, பாட்டிலோட வெளிக்குழாய்ப் பக்கம் வெள்ளையா உப்புக் கோடு. குமிழி முதல்ல ரெண்டு வந்துச்சு, அப்புறம் இல்ல. ஹோஸ் மெத்துன்னுதான் இருக்கு. ஆயில் சுத்தம். ஏசி போட்டா ஃபேன் ஓடவே இல்ல! சென்சர் கனெக்டரை உருவினதும் பயங்கர வேகத்துல ஓடுது. உள்ள ஊத்துறது வீட்டு போர் தண்ணிதான்.

பாளை ஸ்பேனர் | 24 ஜூன், காலை 9.05

ஹெட் கேஸ்கட் பேச்சை இதோட விடலாம். மனசு ஆறலன்னா கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) மட்டும் பாக்கச் சொல்லுங்க, பிளக் கழட்டிப் பாக்கிற வேலைதான். சிலிண்டருக்குச் சிலிண்டர் 1 பார், அதாவது சுமார் 14 பிஎஸ்ஐக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டர் சேந்து குறைஞ்சா அதுக்கு நடுவுல கேஸ்கட் போயிருக்கு. நீல மருந்துல ரேடியேட்டர் வாய்க் காத்தை இழுத்துப் பாக்கிற டெஸ்டரும் உண்டு. பெட்ரோல் வண்டியில கேஸ் கலந்திருந்தா நீலம் மஞ்சளாகும்.

இப்ப ஃபேன். வேகமா ஓடுதுன்னா மோட்டாரும் பெரிய ரிலேயும் ஃப்யூஸும் நல்லாருக்கு. மெதுவேகம்தான் செத்திருக்கு. சில வண்டியில அதுக்கு ஃபேன் கூண்டுல கரண்டைக் குறைச்சு விடுற ஒரு ரெசிஸ்டர் இருக்கும், அது எரிஞ்சிருக்கும். இல்லன்னா மெதுவேக ரிலே. ரிலே பெட்டியில அதே நம்பர் உள்ள இன்னொரு ரிலேயை மாத்திச் சொருகிப் பாருங்க. அப்பவும் ஓடலன்னா ஏசியைப் போட்டு வச்சுக்கிட்டு ரெசிஸ்டருக்கு உள்ள வாற வயர்ல 12 வோல்ட் இருக்கா, வெளிய போற வயர்ல இருக்கான்னு மீட்டர் வச்சுப் பாக்கணும். உள்ள வாற வயர்ல இருந்து, வெளிய போற வயர்ல இல்லன்னா ரெசிஸ்டர்தான். கனெக்டர் பிளாஸ்டிக் உருகியிருந்தா கனெக்டரையும் சேத்து மாத்துங்க, வெறும் ரெசிஸ்டரை மாத்தினா அது திரும்பவும் எரியும்.

"சுவிட்சு வச்சு டைரக்டா கொடுத்திருதேன்"னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. சுவிட்சு போட மறந்தா ஒரு நாள்ல இன்ஜின் போகும். எப்பவும் ஓட விட்டா மோட்டார் கார்பன் தேஞ்சு அதே இடத்துக்கு வந்து நிப்பீங்க.

தேரிக்காட்டான் | 24 ஜூன், காலை 9.50

ஃபேன் வேகமா ஓடும்போது காகித சோதனை பண்ணச் சொல்லுங்க. கிரில்லுக்குப் பின்னால கண்டென்சர் முகத்துல ஒரு முழுத்தாள் நோட்டுக் காகிதத்தை வைங்க. ஃபேன் இழுத்தா அது ஒட்டி நிக்கும். மேல, நடு, கீழ, ரெண்டு ஓரம்னு இடம் மாத்தி மாத்தி வைங்க. எங்க நழுவுதோ அங்க காத்து போகல. எல்லா இடத்துலயும் வெளிய தள்ளினா யாரோ மோட்டார் வயரை மாத்திக் கொடுத்து ஃபேன் தலைகீழாச் சுத்துது.

வள்ளியூர் வெள்ளைவண்டி | 24 ஜூன், மாலை 5.20

மேல் பாதியில ஒட்டுது. கீழ் பாதியில நழுவி விழுது. ஆனா முன்னால இருந்து பாத்தா கண்டென்சர் சுத்தமாத்தானே இருக்கு?

தேரிக்காட்டான் | 24 ஜூன், மாலை 5.45

முன்னால இருந்து பாத்துத்தான் எல்லாரும் ஏமாறுதாவ. அழுக்கு உக்காருற இடம் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல இருக்கிற விரல் அகல இடுக்கு. ரேடியேட்டரோட மேல் பிராக்கெட் ரெண்டு போல்ட்டைக் கழட்டி, ஹோஸை இழுக்காம, இன்ஜின் பக்கமா லேசாச் சாய்ச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க. எருக்கம்பஞ்சும் பூச்சி றெக்கையும் செம்மண்ணும் சேந்து கம்பளி மாதிரிப் படிஞ்சிருக்கும்.

முதல்ல காய்ஞ்ச அழுக்கை மெல்லிய பிரஷ்ஷால மேலிருந்து கீழா எடுங்க. ஃபின்னுக்குக் (மெல்லிசு அலுமினியத் தகடு) குறுக்க தேய்க்கக் கூடாது. பிறகு பாத்திரம் கழுவுற சோப்பைத் தண்ணில கரைச்சுத் தெளிச்சு 15 நிமிஷம் ஊற விட்டு, சாதாரண தோட்டத்து ஹோஸ்ல, இன்ஜின் பக்கத்துல இருந்து முன்பக்கமா தண்ணி அடிங்க. வந்த வழியே அழுக்கு வெளிய போகணும். வாட்டர் சர்வீஸ் கன் பக்கம் போகாதீங்க. ஒரு தடவை கிட்ட வச்சு அடிச்சா அலுமினிய ஃபின் மொத்தமும் படுத்துரும், பிறகு அந்தப் பகுதி இருந்தும் இல்லாத மாதிரிதான். இன்ஜின் நல்லா ஆறினப்புறம் செய்யுங்க, ஃபேன் மோட்டாரையும் கனெக்டரையும் பிளாஸ்டிக் பையால மூடிக்கிடுங்க.

பாளை ஸ்பேனர் | 25 ஜூன், காலை 7.15

தெர்மோஸ்டாட் பத்தி நேத்தே எழுதியிருக்கணும், நீளமாயிரும்னு விட்டேன். கழட்டிப் போட்டா ஹீட் ஆகாதுங்கிறது நம்ம பக்கம் ரொம்ப நாளா ஓடுற பேச்சு. அநேக வண்டியில வால்வோட அடிப்பக்கம் இன்னொரு தட்டு இருக்கும். வால்வு ரேடியேட்டர் பக்கம் திறக்கும்போது அந்தத் தட்டு போய் பைபாஸ் வழியை அடைக்கும். வால்வே இல்லன்னா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணில ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாம இன்ஜினையே சுத்திக்கிட்டு இருக்கும். கடுமையான நேரத்துல சூடு கூடத்தான் செய்யும். லேசான நேரத்துல இன்ஜின் சூடே ஏறாம பெட்ரோல் கூடுதலாக் குடிக்கும், ஆயில் கெடும்.

புது வால்வு வாங்கினாலும் சோதிச்சு மாட்டுங்க. வால்வு மேல 82 இல்ல 88னு அடிச்சிருக்கும், அது திறக்கத் தொடங்குற சூடு. ஒரு பாத்திரத் தண்ணில நூல்ல கட்டித் தொங்க விடுங்க, அடியில படக் கூடாது. பக்கத்துல தெர்மாமீட்டர். அடுப்பை மெதுவா எரியவிட்டா அடிச்ச எண்ணுக்கு ரெண்டு மூணு டிகிரி முன்னபின்ன அசையணும். இன்னும் 12, 15 டிகிரி ஏறும்போது சுமார் 8 மில்லிமீட்டர் திறந்திருக்கணும். எடுத்து ஆற வச்சா முழுசா மூடணும். மாட்டும்போது வால்வுல சின்ன ஊசி ஆடுற ஓட்டை இருந்தா அது மேல்பக்கம் வரணும், காத்து போறதுக்கு அதுதான் வழி.

வள்ளியூர் வெள்ளைவண்டி | 27 ஜூன், இரவு 8.40

ரெசிஸ்டர் எரிஞ்சிருந்துச்சு, கனெக்டரும் பாதி உருகி. மாத்தியாச்சு. இடுக்குல தேரி அண்ணாச்சி சொன்னது அப்படியே இருந்துச்சு, வாளிக்கணக்குல செந்தண்ணி வந்துச்சு. 82 வால்வு வாங்கி சோதிச்சு வச்சிருக்கேன். இனி கூலண்ட். கடையில சிவப்பு, பச்சை ரெண்டும் இருக்கு. எதை ஊத்த?

தென்காசி டீசல் | 27 ஜூன், இரவு 9.30

நிறத்தைப் பாத்து வாங்காதீங்க. நிறம் வெறும் சாயம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டியோட கையேட்டுல என்ன வகைன்னு போட்டிருக்கும், டப்பாவுல அந்த வகை எழுதியிருக்கணும். பழசும் புதுசும் வேற வேற வகையா இருந்து கலந்தா சில நேரம் கொழகொழன்னு கட்டி சின்னக் குழாயை அடைக்கும்.

போர் தண்ணியை இனி ஊத்தாதீங்க. ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போர் தண்ணில இருக்கிற உப்பும் சுண்ணாம்பும் பாத்திரத்துல படியிற மாதிரியே இன்ஜின் உள்சுவர்லயும் படியும். அந்தப் படலம் சூட்டை வெளிய விடாது. உப்பு அலுமினியத்தை அரிக்கும், வாட்டர் பம்ப் சீலைத் தின்னும். தாமிரபரணித் தண்ணி தேவலாம்னு சொல்லுவாவ, ஆனா அதுலயும் துருத்தடுப்பு மருந்து கிடையாதே. பேட்டரிக் கடையில கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டர்தான் சரி.

பாளை ஸ்பேனர் | 28 ஜூன், காலை 6.50

அளவு. சின்னப் பெட்ரோல் காருக்கு மொத்தம் 4 லிட்டர்னு வச்சுக்கிடுங்க, உங்க கையேட்டுல சரியா இருக்கும். கீழ திறந்து விட்டா முழுசும் வராது, இன்ஜின் பிளாக்குக்குள்ள ஒரு பங்கு நின்னுரும். அதனால 50க்கு 50னு வெளிய கலந்து ஊத்தினா உள்ள தண்ணி கூடிப் போகும். ஹீட்டரைச் சூட்டுல வச்சு, டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி ஓட்டி, ஆறவிட்டு வடிச்சு, தெளிவா வாற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யுங்க. கடைசியில கெட்டிக் கூலண்ட் (தண்ணி கலக்காதது) 2 லிட்டரை முதல்ல ஊத்திட்டு, மிச்ச இடத்துக்கு டிஸ்டில்டு வாட்டர். ஏற்கெனவே தண்ணி கலந்த ரெடிமிக்ஸ் டப்பான்னா அதுல தண்ணி சேக்கவே கூடாது, ஆனா அப்ப பிளாக்ல நிக்கிற தண்ணி அதை நீர்த்துப் போகப் பண்ணும். அதான் உங்களுக்குக் கெட்டி டப்பா சொல்லுதேன். நல்லதுதானேன்னு முழுக் கூலண்டை ஊத்திராதீங்க. தண்ணி அளவுக்கு அது சூட்டைச் சுமக்காது.

ஏர் எடுக்க: வண்டி மூக்கு உயரமா இருக்கிற மாதிரி மேட்டுல நிறுத்துங்க. ஹீட்டர் முழுச் சூடு. மூடி திறந்து ஸ்டார்ட் பண்ணி, மட்டம் குறையக் குறைய ஊத்துங்க. மேல் ஹோஸை இடையிடையில அமுக்கி விடுங்க. வால்வு திறந்ததும் மட்டம் சட்டுன்னு இறங்கும், கீழ் ஹோஸ் சூடாகும். மட்டம் நிரப்பி உடனே மூடியைப் போட்டு, ஃபேன் ரெண்டு தடவை எடுத்து நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க. ஹீட்டர்ல காத்து சூடில்லாம வந்தா உள்ள இன்னும் ஏர் இருக்கு. பிளீட் ஸ்குரூ (ஏர் விடுற திருகு) இருக்கிற வண்டின்னா அதுல குமிழி இல்லாம தண்ணி வாற வரைக்கும் திறந்து வைங்க. மறுநாள் காலையில ஆறினப்புறம் மூடியைத் திறந்து மறுபடி மட்டம் பாக்கணும்.

வடிச்ச பழைய கூலண்டைத் தெருவுல விடாதீங்க. இனிப்பா இருக்கும், நாயும் ஆடும் நக்கும், குடிச்சா சாகும். கேன்ல அடைச்சு, பிள்ளைகள் கைக்கு எட்டாம வச்சு, பழைய ஆயில் சேத்து வைக்கிற ஒர்க்‌ஷாப்புல கொடுங்க.

வள்ளியூர் வெள்ளைவண்டி | 1 ஜூலை, இரவு 7.55

நேத்து நாகர்கோவில் போயி வந்தேன். ஓபிடி (வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற கருவி) மாட்டி தண்ணிச் சூட்டை போன்ல பாத்தேன். போகும்போது 91. திரும்பும்போது முப்பந்தல்ல ஏசியோட 99 வரைக்கும் போச்சு, ஃபேன் எடுத்ததும் 94. முள்ளு அசையவே இல்ல. ஆனா இன்னிக்குக் காலையில தண்ணி மறுபடி கொஞ்சம் குறைவு.

பாளை ஸ்பேனர் | 1 ஜூலை, இரவு 8.30

99 நல்ல எண். முள்ளு அசையாததை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. அநேக மீட்டர் 75ல இருந்து 105 வரைக்கும் நடுவுலயே நிக்கிற மாதிரித்தான் செஞ்சிருக்காங்க. அது கிளம்புறப்ப ஏற்கெனவே காரியம் கெட்டிருக்கும். 110 தாண்டினா ஓரங்கட்டுங்க. முள்ளு ஏறிட்டுத் திடீர்னு கீழ விழுந்தா சந்தோஷப்படாதீங்க, சென்சர் இருக்கிற இடத்துல தண்ணியே இல்லன்னு அர்த்தம். உடனே இன்ஜினை அணைக்கணும்.

தண்ணி குறையிறதுக்கு மூடிதான் காரணம்னு அந்த வெள்ளைக் கோடு முதல் நாளே சொல்லிருச்சு. மூடியில 0.9 இல்ல 1.1னு அடிச்சிருக்கும், பார் கணக்கு. 0.9 பார் அழுத்தம் பிடிச்சா வெறும் தண்ணியே 118 டிகிரி வாக்குலதான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலண்ட் இருந்தா 128ஐத் தொடும். மூடி தளர்ந்தா இந்தக் காப்பு போச்சு. சூடான தண்ணி முன்கூட்டியே பாட்டிலுக்குப் போயி, அங்க இருந்து வெளிய கொட்டும். பிரஷர் டெஸ்டர் உள்ள ஒர்க்‌ஷாப்புல ரேடியேட்டர்ல 0.9 ஏத்தி 10 நிமிஷம் விடச் சொல்லுங்க, இறங்கக் கூடாது. அதே டெஸ்டர்ல மூடியையும் மாட்டிப் பாக்கலாம். மாத்தும்போது அதே எண் உள்ள மூடி. 0.9க்குப் பதிலா 1.1 போட்டா பழைய ரேடியேட்டரோட பிளாஸ்டிக் தொட்டி பிளக்கும்.

வள்ளியூர் வெள்ளைவண்டி | 1 ஜூலை, இரவு 8.41

அந்தக் காத்துல நடு ரோட்டுல ஏறிட்டா என்ன செய்யணும்?

தென்காசி டீசல் | 1 ஜூலை, இரவு 9.20

ஏசியை அணைச்சு, ஹீட்டரை முழுச் சூட்டுல, ப்ளோயரை முழு வேகத்துல வைங்க. வேர்த்து வழியும், பரவாயில்ல, அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். தண்ணி இருக்குன்னு நிச்சயமாத் தெரிஞ்சு, ஆவி வராம, முள்ளு சிவப்பைத் தொடாம இருந்தா வண்டியைத் திருப்பி மூக்கு மேற்க பாக்க நிறுத்தி ஐடில்ல விடுங்க. முப்பந்தல் காத்து ஃபேனைவிட நல்லா வேலை செய்யும். பானெட்டைத் திறக்காதீங்க, அந்த எதிர்க்காத்து அதைப் பிடுங்கிக் கண்ணாடி மேல அடிக்கும். சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ உடனே அணைச்சிருங்க. முக்கால் மணி நேரமாவது மூடியைத் தொடக் கூடாது. மேல பச்சைத் தண்ணியும் ஊத்தக் கூடாது, அலுமினிய ஹெட் சட்டுன்னு சுருங்கிக் கீறும்.

எங்க பக்கம் புளியரை எஸ் வளைவுல ஏறும்போது சூடாகிற வண்டி இன்னொரு ரகம். அங்க மழைக்குளிர், ஃபேனும் ஓடிக்கிட்டு இருக்கும், ஆனாலும் ஏறும். அதுக்கு ரேடியேட்டர் முகத்துல இன்ஃப்ராரெட் மீட்டர் அடிச்சுப் பாக்கணும். ஒரு பட்டை மட்டும் குளிர்ந்து கிடந்தா அந்தக் குழாய்கள் உள்ள அடைச்சிருக்கு. ஆக்சிலேட்டரை ஏத்திப் பிடிச்சு கீழ் ஹோஸையும் பாருங்க. சப்பினா உள்ளே போடுற ஸ்பிரிங் கம்பி துருப்பிடிச்சுப் போயிருக்கும்.

வள்ளியூர் வெள்ளைவண்டி | 8 ஜூலை, காலை 7.30

டெஸ்டர்ல ரேடியேட்டர் 10 நிமிஷம் இறங்காம நின்னுச்சு. மூடி 0.4லயே விட்டுருச்சு. புது 0.9 மூடி போட்டு ஒரு வாரம், மட்டம் அப்படியே இருக்கு.

பாளை ஸ்பேனர் | 8 ஜூலை, காலை 8.10

நல்லது தம்பி. மாசம் ஒரு தடவை ஆறின நேரத்துல மட்டம் பாருங்க. ஆவணி முடிஞ்சு காத்து அடங்கினதும் ரேடியேட்டரைத் திரும்பச் சாய்ச்சு அந்த இடுக்கை ஒரு தடவை கழுவிருங்க. எருக்கு வெடிக்கிற சீசன் மறுபடி வரும்.